வாப்பா இல்லாத படிவம்

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டின் கடைசிப் பகுதி. கல்முனையில் மாரி இன்னும் பிடிக்கவில்லை. வானம் மட்டும் தினமும் இருண்டு கலைந்துகொண்டிருந்தது. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சிறிய அச்சகத்தில் நான் எழுத்துக் கோர்ப்பவனாக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஆங்கில எழுத்து இருபத்தாறும் தட்டில் எந்தெந்தக் குழியில் கிடக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முன்னால் இருக்கும் தாளைப் பார்த்து, ஒவ்வோர் ஈய எழுத்தாக எடுத்து, தலைகீழாக அடுக்குவதுதான் என் வேலை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. யாரிடமும் கேட்டதும் இல்லை. புது ஆட்களோடு கதைப்பதென்றாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

என் தங்கச்சியின் மகளுக்கு அப்போது ஏழு வயது. பிறந்ததிலிருந்தே இருதயத்தில் ஓட்டை. கிணற்றடியிலிருந்து வாசலுக்கு நடந்து வந்தாலே உதடு நாவற்பழம் தின்றது போல ஆகிவிடும். அப்படியே குந்தியிருந்து மூச்சு வாங்குவாள். அவளுடைய வாப்பா கட்டாரில் வேலை. ஒப்பரேஷன் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போட முடியாது என்று கிளினிக்கில் பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். வெளிநாட்டு டொக்டர்மார் கொழும்புக்கு வரப்போகிறார்கள், பத்து நாள் நின்று இப்படியான பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் ஒப்பரேஷன் செய்வார்கள், ஆனால் எல்லாரையும் எடுக்க மாட்டார்கள் என்றும் அவர்தான் சொன்னார். விபரங்களைக் கம்பியூட்டர் வழியாக அனுப்ப வேண்டும். புதன்கிழமை பின்னேரம் நான்கு மணியோடு முடிவு.

எங்கள் பக்கத்தில் அதைச் செய்து கொடுக்க ஒரேயொருவர்தான் இருந்தார். ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் கம்பியூட்டர் வகுப்பு நடத்திய டீச்சர். கொழும்பில் படித்து வந்தவர், என்னை விட வயது மிகக் குறைவு, அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றே கூப்பிடுவார். படிவம் வருகிற பக்கத்தை அவரே தயாரித்திருந்தார். அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் கொழும்புக் கம்பியூட்டருக்கு வேண்டியதை எழுதியவர் அவருடன் கூடப் படித்த சிநேகிதி.

அந்தப் பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று டீச்சர் எனக்குப் பிறகு விளங்கப்படுத்தினார். எனக்குப் புரிந்த மாதிரிச் சொல்கிறேன். திரையில் வெறும் பெட்டிகள் தெரியும். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே மறைவாக ஒரு பெயர் உண்டு. பிள்ளை என்பது பெரிய பெட்டி. அதற்குள் வாப்பா என்றொரு பெட்டி. வாப்பாவுக்குள் பெயர், விலாசம், போன் என்று மூன்று சின்னப் பெட்டிகள். பெரியதிலிருந்து சிறியதற்கு, நடுவில் ஒவ்வொரு புள்ளி வைத்து, ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். பிள்ளை, புள்ளி, வாப்பா, புள்ளி, போன் என்று. கொழும்புக் கம்பியூட்டரிலும் அதே பெயர்கள் இருக்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்தால் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஓர் எழுத்துப் பிசகினாலும் அந்தப் பெட்டியில் எழுதியதைக் கீழே போட்டுவிடும். போட்டுவிட்டேன் என்று சொல்லாது. ‘கிடைத்தது, நன்றி’ என்று மட்டும் திரையில் காட்டும்.

திங்கட்கிழமை டீச்சர் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். கேள்விகளைத் தமிழில் அச்சடித்துத் தந்தால் பெற்றோர் வீட்டில் வைத்து நிரப்பிக் கொண்டுவருவார்கள், அதைப் பார்த்துத் தான் கம்பியூட்டரில் அடிக்கலாம் என்றார். என்னிடம் இரண்டு தாள் தந்தார். ஒன்று கொழும்பிலிருந்து பெக்ஸில் வந்த பெட்டிப் பெயர்களின் பட்டியல். மற்றது அவருடைய பக்கத்தில் இருக்கும் பெயர்கள். இரண்டிலும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தமிழ்க் கேள்வி இருந்தது.

“காக்கா, கேள்வியெல்லாம் பெக்ஸ் தாள்ல இரிக்கிற ஒழுங்கில வரட்டும். பக்கத்தில எண்ட தாளப் பாத்து இங்கிலிசுப் பேரையும் போட்டுடுங்க. எனக்கு அடிக்க லேசு.”

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

படிவத்துக்கு வேண்டிய சின்ன அளவு எழுத்தில் எங்களிடம் டபிள்யூ மிகவும் குறைவு. ஆங்கில வேலை வந்தால் முதலில் எத்தனை டபிள்யூ வேண்டும் என்றுதான் பார்ப்பேன். பெக்ஸ் தாளைப் பார்த்ததும் மனம் சோர்ந்தது. வாப்பா வரும் இடமெல்லாம் டபிள்யூவில் தொடங்கியது. டீச்சருடைய தாளைப் பார்த்தேன். அதில் அந்த இடங்களிலெல்லாம் வீ. வீ எங்களிடம் குழி நிறையக் கிடந்தது.

உண்மையைச் சொன்னால் அந்த நேரம் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. வேலை இலகுவாகிவிட்டதே. இரண்டு தாளிலும் எழுத்து வேறு என்பது கண்ணில் நன்றாகவே பட்டது. டீச்சர் புரூஃப் பார்க்க வந்தபோது சொல்லலாமா என்று ஒரு முறை வாய் திறந்தேன். படித்தவர்கள் இரண்டு விதமாகவும் எழுதுவார்களாக்கும், ஐந்தாம் வகுப்புக்காரன் நான் எதைக் கண்டேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஏழு பிள்ளைகளின் படிவங்கள் போயின. எங்களுடையதும் போனது. ‘கிடைத்தது, நன்றி’ வந்ததும் டீச்சர் தங்கச்சியைப் பார்த்து, “போயிட்டு ராத்தா. இனி துஆ கேளுங்க” என்றார். தங்கச்சி வீட்டில் போன் இல்லாததால் அச்சக நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். புதன்கிழமை பகலுக்குள் கொழும்பிலிருந்து போன் எடுத்து விபரம் சரிபார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை காலை முழுதும் அச்சகப் போன் எங்களுக்காக ஒரு தடவை கூட அடிக்கவில்லை. பகல் லுஹர் தொழுதுவிட்டு டீச்சரின் வகுப்புக்குப் போனேன். தங்கச்சி மகளையும் கூட்டிக்கொண்டு வந்து அங்கே சுவரோர வாங்குப் பலகையில் இருந்தாள். மாடிப்படி ஏறிய களை பிள்ளையின் முகத்தில் இன்னும் தீரவில்லை. மற்ற ஆறு வீட்டாருக்கும் கூட அழைப்பு வரவில்லை என்று டீச்சர் சொன்னார். அவருக்கும் அது யோசனையாகத்தான் இருந்தது.

மணி இரண்டரை இருக்கும். சம்மாந்துறையிலிருந்து ஒரு பெண் படியேறி வந்தார். செவ்வாய்க்கிழமை தன் மகனின் படிவத்தைக் கொடுத்தவர். வாசலில் நின்றபடியே தொடங்கினார்.

“டீச்சர்! எண்ட மனிசன் எப்ப மௌத்தாப் போனாரு? எனக்கே தெரியாது!”

“என்ன ராத்தா கதைக்கிறீங்க? இருங்க முதல்ல.”

“எங்க இரிக்கிற? எண்ட தம்பி கொழும்பில அந்த ஒபிசுக்குப் போய்க் கேட்டிரிக்கான். புள்ளைட போமில வாப்பாட பேருமில்ல, விலாசமுமில்ல, போனுமில்லயாம். வாப்பா இல்லாத புள்ளையா எண்டு கிளாக்கர் கேட்டாராம். காலையில இன்னும் ரெண்டு துண்டு புட்டு வையுங்கா எண்டு சண்டை புடிச்சுத் திண்டுட்டு வயலுக்குப் போன மனிசன், அங்க மௌத்து!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டாரின் விபரம் இல்லாத படிவங்களை ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறார்களாம், நான்கு மணிக்குள் சரியாக வராவிட்டால் பார்க்க மாட்டார்களாம் என்றும் அந்தப் பெண் சொன்னார்.

“நீங்க தாள்ல எழுதாம விட்டிருப்பீங்க” என்று டீச்சர் படிவக் கட்டைப் புரட்டினார். எழுதித்தான் இருந்தது. வாப்பாவின் பெயர், சம்மாந்துறை விலாசம், அரிசி ஆலையொன்றின் போன் நம்பர், எல்லாம் வடிவான எழுத்தில். டீச்சர் முகம் மாறியது. திரும்பவும் அடித்தார். லைன் எடுக்கும் சத்தம் கீச்சிட்டு, இடையில் அறுந்து, திரும்பக் கீச்சிட்டு ஒருவாறு போனது. ‘கிடைத்தது, நன்றி.’

“இப்ப போயிட்டு.”

“நேத்தும் இப்பிடித்தானே போன?” என்றார் சம்மாந்துறைப் பெண்.

தங்கச்சி என் சட்டைக் கையைப் பிடித்தாள். “காக்கா, நம்மட போமிலயும் அவரு இல்லாம இரிக்குமா?”

எனக்கு விடை தெரியும். அந்த வீயும் டபிள்யூவும் அப்போதே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஆனால் வாய் வரவில்லை. இரண்டு நாளாகச் சொல்லாத ஒன்றை இத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது? சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்றுக்கு ஐந்து நிமிடம். டீச்சர் போன் கம்பியைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். லைனில்தான் கோளாறு என்றார். இன்னொரு தடவை அனுப்பினார். அதற்கும் நன்றி வந்தது. மூன்று மணி தாண்டியது. பிள்ளை வாங்கில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“டபிள்யூ” என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

“என்ன காக்கா?”

“பெக்ஸ் தாள்ல டபிள்யூ, டீச்சர். உங்கட தாள்ல வீ.”

டீச்சர் என்னைப் பார்த்தார். “ரெண்டும் வாப்பாதானே காக்கா.”

“வாசிக்கிற ஆளுக்கு ஒண்டுதான். எழுத்து வேற. குழி வேற.”

அவர் மேசை லாச்சியைத் திறந்து பெக்ஸ் தாளை எடுத்துத் தன்னுடைய தாளின் பக்கத்தில் வைத்தார். விரல் ஒரு வரியில் வந்து நின்றது. பிறகு மெல்லச் சொன்னார்: “நானும் அவளும் போன்லதான் பேரெல்லாம் பேசி எடுத்தம். நான் வாப்பா எண்டு செல்ல, அவ டபிள்யூ போட்டு எழுதிக்கிட்டா. நான் வீ போட்டன். எத்தின தரம் இந்தத் தாளப் பாத்தன் தெரியுமா? பாக்கக்குள்ள வாய்க்குள்ள வாப்பா எண்டுதானே வாசிச்சன்.” உடனே நிமிர்ந்தார். “நீங்க எப்பக் கண்ட?”

“திங்கக்கிழம.”

என் சட்டைக் கையைப் பிடித்திருந்த தங்கச்சியின் பிடி விட்டது. சம்மாந்துறைப் பெண்தான் சொன்னார்: “ரெண்டு நாளா வாயில என்னத்த வெச்சிட்டு இருந்த நீங்க? புட்டா?”

டீச்சருக்கு ஏச நேரமில்லை. தன் பக்கத்தைத் திறந்து வாப்பா வந்த மூன்று வரியிலும் வீயை அழித்து டபிள்யூ அடித்தார். மூன்றே கால். “சரி, அனுப்பிப் பாப்பம்” என்று கையை நீட்டினார்.

“நில்லுங்க!”

கத்தியது நான்தான். பிள்ளை திடுக்கிட்டு எழும்பிவிட்டாள். என் வாழ்நாளில் நான் யார் மீதும் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

“அனுப்பிப் பாத்தா என்ன தெரியும் டீச்சர்? அதுக்கும் நன்றி எண்டுதானே வரும். அனுப்ப முதல் எல்லாப் பேரையும் ஒருக்காப் பாக்க வேணும்.”

“உண்மதான்” என்றார் சம்மாந்துறைப் பெண். “அந்தச் சாமான் கல்லுப் போட்டாலும் நன்றி செல்லும்.”

டீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழும்பி, தன் கதிரையை எனக்குத் தந்தார். திருத்திய பெயர்களைப் புதுத் தாளில் எடுத்து என் முன்னால் வைத்தார்.

நான் இரண்டு தாளையும் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். கடைசி வரியிலிருந்து, கடைசி எழுத்திலிருந்து பின்னால் வந்தேன். அப்படிப் பார்த்தால் படித்தவருக்கும் அது சொல்லாகத் தெரியாது, வெறும் எழுத்தாகத்தான் தெரியும். ஒரு விரல் இந்தத் தாளில், ஒரு விரல் அந்தத் தாளில். அவசரப்பட்டால் கண் தாவும் என்று தெரியும். கீழே பஸ்காரன் நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கூவுவது மட்டும் கேட்டது.

போன் வரியில் என் விரல் நின்றது. பெக்ஸ் தாளில் வாப்பாவுக்கும் போனுக்கும் நடுவில் ஒரு புள்ளி இருந்தது. டீச்சரின் தாளில் இல்லை. வாப்பாவும் போனும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன.

டீச்சர் குனிந்து பார்த்தார். “அது பெக்ஸ்ல விழுந்த அழுக்குப் புள்ளி காக்கா. தாள் முழுக்க இரிக்கே.”

உண்மைதான், தாள் முழுதும் கறுப்புப் பொட்டுகள். டீச்சர் சொன்னதை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்கத்தான் உள்ளே இருந்து ஏதோ இழுத்தது. திரும்பவும் பார்த்தேன்.

“அழுக்கு எங்கயும் விழும், டீச்சர். இது எழுத்திட காலடியில, மத்தப் புள்ளியெல்லாம் இரிக்கிற அதே கோட்டில இரிக்கி. எழுத்துக்கு நடுவில இடமும் விட்டிரிக்கி. இது புள்ளிதான்.”

அவர் மற்ற வரிகளோடு ஒத்துப் பார்த்தார். “அல்லாஹ்” என்றார். “இது மட்டும் இப்பிடியே போயிருந்தா போன் நம்பர் விழுந்திருக்கும். எந்தப் புள்ளைய எடுத்தாலும் வீட்டாளக் கூப்பிட ஏலாது.”

புள்ளியைப் போட்டார். மிச்ச வரிகளையும் முடித்துவிட்டு, “இனிச் சரி” என்று நான் சொல்லும்போது மூன்று முப்பத்தெட்டு.

ஏழு படிவத்தையும் புதிதாக அடிக்க வேண்டும். டீச்சர் கட்டின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். சம்மாந்துறைப் பிள்ளையின் தாளை முதலில் எடுத்திருந்தார். எங்களுடையது ஆக அடியில் இருந்தது. தங்கச்சி என்னைப் பார்த்தாள். நம்முடையதை மேலே வைக்கச் சொல்லுங்கள் என்று அந்தப் பார்வை சொன்னது. நான் சொல்லவில்லை. நல்ல மனதால் சொல்லாமல் விட்டேன் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. திங்கட்கிழமை மூடியிருந்த அதே வாய்தான் அப்போதும் மூடிக்கொண்டது.

நான் தாளில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, டீச்சர் அடித்தார். ஐந்து போனபோது லைன் அறுந்தது. திரும்ப எடுத்தால் அந்தப் பக்கம் லைன் ஓய்வில்லை என்கிற டூ டூ சத்தம். மூன்று தடவை. நான்காம் தடவை பிடித்தது. ஆறாவது போகும்போது மணி நான்கு. எங்களுடையது போனபோது நான்கு மூன்று.

‘கிடைத்தது, நன்றி.’

அந்த நன்றியை அங்கே இருந்த யாரும் இனி நம்பத் தயாராக இல்லை. டீச்சர் அதே லைனில் கொழும்புச் சிநேகிதிக்குப் போன் எடுத்தார். உன் பக்கத்தில் என்ன வந்திருக்கிறது என்று வாசி, சொல்லாக வாசிக்காதே, எழுத்தெழுத்தாக வாசி என்றார். ஏழு வாப்பாமாரின் பெயரும் ஒவ்வொன்றாக வந்தன. சம்மாந்துறைப் பெண் தன் கணவரின் பெயரைக் கேட்டதும், “உசுரோட வந்திட்டாரு!” என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கடைசியாக என் மச்சானின் பெயரும் அச்சகத்து நம்பரும் வந்தன. எங்கள் படிவம் பிந்திவிட்டது என்றார் சிநேகிதி. டொக்டர் இன்னும் தாள்களை எடுக்க வரவில்லை, மற்றவற்றோடு சேர்த்து வைக்கிறேன், வாக்குத் தர ஏலாது என்றார்.

வியாழனும் வெள்ளியும் நான் போனுக்குப் பக்கத்திலேயே வேலை செய்தேன். எழுத்துகளைக் குழி மாற்றிப் போட்டேன். வீட்டில் தங்கச்சி எனக்குச் சாப்பாடு வைத்தாள், கதைக்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. முதலாளி எடுத்து, கண்ணை அகல விரித்து என்னிடம் நீட்டினார். போனில் கதைக்கப் பயந்து எப்போதும் வெளியே போய்விடுகிறவன் நான். மறுபக்கம் ஒரு பெண் கொச்சைத் தமிழில், பிள்ளையின் வாப்பா பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். விலாசம் கேட்டார், சொன்னேன். பிள்ளையோடு திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்றார்.

ஓடிப் போய்ச் சொன்னபோது தங்கச்சி அடுப்படியில் இருந்தாள். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, “இத மட்டும் எப்பிடிக் காக்கா இவ்வளவு சத்தமாச் செல்றீங்க?” என்றாள். பிறகுதான் அழுதாள்.

மருமகளுக்கு இப்போது பத்து வயது. நெஞ்சில் ஒரு நீளத் தழும்பு இருக்கிறது. உதடு நிறம் மாறுவதில்லை. சம்மாந்துறைப் பிள்ளையையும் அந்த முறை எடுத்தார்கள். ஏழு பேரில் நான்கு பேரை எடுத்தார்கள், மூன்று பேரை எடுக்கவில்லை. நோயின் தன்மையைப் பார்த்துத்தான் எடுத்தார்களாம், தாள் எப்போது வந்தது என்று பார்க்கவில்லையாம். டீச்சர் விசாரித்துப் பார்த்து எனக்கு அப்படிச் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த மூன்று தாள்களும் செவ்வாய்க்கிழமையே குறையில்லாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆகையால் இன்றைக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும், கண்ணில் பட்டது பிழை என்று தோன்றினால் படித்தவர் முன்னாலும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொன்னதுதான் பிழை என்றால் சிரித்துவிட்டுப் போகட்டும்.